டோர்ட்முண்ட் மஞ்சள் சுவரில் முதல் தடவை: என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், என்னிடம் இருப்பது நீல ஜாக்கெட்

அஞ்சடி_ஒரு_இஞ்ச் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனியில் டோர்ட்முண்ட் வந்தேன். பந்தைக் கையால் தொடக்கூடாது என்பது வரைதான் எனக்கு ஃபுட்பால் தெரியும். இப்போது ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறேன். நானே தலையாட்டி வரவழைத்துக்கொண்ட சிக்கல்.

எங்கள் லேப்பில் ஒரு டெக்னீஷியன் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் மூன்று வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு சென்ட்ரிஃபியூஜ் பற்றியதாக இருக்கும். போன வாரம் அவராகவே வந்து ஏதோ கேட்டார். கேன்டீன் விஷயம் என்று நினைத்து "யா, யா" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது வேறு. அவருக்கும் மனைவிக்கும் ஸ்டேடியத்தின் தெற்கு ஸ்டாண்டில் சீசன் கார்டு இருக்கிறது. எல்லோரும் நின்றே பார்க்கும் அந்த ஸ்டாண்டைத்தான் மஞ்சள் சுவர் என்கிறார்கள். மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருப்பதால் சில வாரம் நிற்க முடியாது. சனிக்கிழமை மூன்றரை மணி ஆட்டத்துக்கு அந்த இடத்தில் நீ வருகிறாயா என்பதுதான் கேள்வியாம். விஷயம் தெரிந்ததும் லேப்பில் மற்றவர்கள் லாட்டரி அடித்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். இனிமேல் வரவில்லை என்று சொன்னால் நான்காவது வாக்கியம் என்னிடம் எப்போதும் பேசமாட்டார்.

என் பயத்துக்குக் காரணம் இது. வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை யுனிவர்சிட்டி ஸ்டேஷனில் எஸ்1 ஏறினேன். பெட்டி முழுக்க மஞ்சள்-கறுப்பு. எல்லோர் கையிலும் பாட்டில். பாடிக்கொண்டே ரயிலின் கூரையை உள்ளங்கையால் அடித்தார்கள், குதித்தார்கள், பெட்டியே ஆடியது. யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் டோர்ஸ்ட்ஃபெல்டில் இறங்கி அடுத்த ரயிலுக்கு நின்றேன். கை நடுங்கியது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அது வெறும் ஒரு பெட்டி. ஸ்டாண்டில் நிற்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 25,000 பேராம்.

என் கேள்விகள்: இந்த உயரத்துக்கு அங்கே எனக்கு ஏதாவது தெரியுமா, இல்லை நசுங்கிவிடுவேனா? பழுப்பு நிறத்துப் பெண் அந்தக் கூட்டத்தில் நிற்பது எப்படி இருக்கும்? கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்புறம் கடைசியாக, என்னிடம் இருக்கும் ஒரே குளிர்கால ஜாக்கெட் நல்ல அடர் நீலம். ரூம்மேட் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.


எஸ்1_பயணி:

ஜாக்கெட்டை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நீலமும் வெள்ளையும் ஷால்கே நிறம். பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷன் கிளப். இவர்களுக்கும் அவர்களுக்கும் இருக்கும் பகை தெரிய வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள்: ஊறிப்போன டோர்ட்முண்ட் ரசிகர் வாயில் 'ஷால்கே' என்ற சொல்லே வராது. 'ஹெர்னே-வெஸ்ட்' என்பார், அதாவது நடுவில் இருக்கும் ஹெர்னே ஊருக்கு மேற்கே ஏதோ ஒன்று. பதிலுக்கு அவர்கள் டோர்ட்முண்டை 'லூடன்ஷைட்-நார்ட்' என்பார்கள், லூடன்ஷைட் ஊருக்கு வடக்கே ஏதோ ஒன்று. நீல ஜாக்கெட் போட்டால் அடிக்க மாட்டார்கள், ஆனால் தொண்ணூறு நிமிடமும் நீங்கள்தான் பகிடிப் பொருள். கறுப்பு போடுங்கள்.

பை கொண்டு போகாதீர்கள். ஏ4 தாளை விடப் பெரிய பையை வாசலில் விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். உள்ளே தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், பெண்களுக்குப் பெண் காவலர் இருப்பார், அந்த வரிசையில் நில்லுங்கள்.

போகும்போது யூ45 மெட்ரோ. திரும்பும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள், நடங்கள். மொல்லர்புருக்கே வழியாக நகரத்துக்கு அரை மணி நேரம்தான்.


ஹோர்டே_அண்ணன்:

தங்கச்சி, உங்கள் எழுத்தில் இருக்கும் அந்த நடுக்கம் எனக்கு வடிவாக விளங்குது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1995 இளவேனிலில் இந்த ஊருக்கு வந்தவன். பத்தொன்பது வயது. வடக்கு நகரத்தில் போர்சிக்பிளாட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் நான்கு பேர் இருந்தோம். நான் ஒரு சமையலறையில் சட்டி கழுவினேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, சாயந்தரம் நித்திரையில் இருக்கிறேன், வெளியே திடீரென்று சத்தம். கார் ஹாரன், வெடி, ஓட்டம், ஆயிரக்கணக்கான சனம் கத்துகிற சத்தம். ஊரிலிருந்து வந்த எங்களுக்குச் சனம் அப்படிக் கத்தினால் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லைட்டை அணைத்தோம். கதவைப் பூட்டி அதற்குப் பின்னால் அலமாரியை இழுத்து வைத்தோம். பாஸ்போர்ட், காகிதங்கள் எல்லாவற்றையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். விடியப் பார்த்தால் தெருவெல்லாம் மஞ்சள் காகிதம். டோர்ட்முண்ட் அன்றைக்குத்தான் புண்டஸ்லீகா, அதாவது ஜெர்மன் லீக் சாம்பியன் ஆகியிருந்தது. 1909-இல் அந்தக் கிளப் பிறந்ததே போர்சிக்பிளாட்ஸில்தான், அதனால் வென்றால் சனம் அங்கேதான் திரளும். எங்களுக்கு யார் சொன்னது! அடுத்த வருடமும் சாம்பியன் ஆனார்கள். அப்போது அலமாரியை இழுக்கவில்லை, ஜன்னலைத் திறந்து பார்த்தோம். அந்தக் குளிர்காலமே முதலாளி ஒரு டிக்கெட் தந்தார். அதற்குப் பிறகு நான் தவறவிட்ட ஆட்டங்களை எண்ணிவிடலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நசுங்குவது பற்றி. அந்த ஸ்டாண்டில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்புகள் ஆங்காங்கே நிற்கும். வெல்லன்பிரேஷர் என்பார்கள், 'அலை முறிப்பான்'. கோல் விழுந்தால் மேலே இருந்து சனம் கீழ்நோக்கிச் சரியும். அந்த அலையை அது முறிக்கும். புதிதாக வருபவர்கள் செய்கிற பிழை, சாய்ந்துகொள்ள வசதி என்று கம்பியை முன்னால் வைத்து நிற்பது. அப்படி நின்றால் பின்னால் வருகிற பாரம் முழுவதும் உங்களைக் கம்பியோடு சேர்த்து அழுத்தும். கம்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது அலை அதிலேயே நின்றுவிடும், உங்களுக்கு முன்னால் உள்ளவர் மட்டும்தான் உங்கள் கவலை. இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்.

கை இரண்டையும் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நெருக்கினால் குத்துச்சண்டைக்காரர் மாதிரி முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சுவிட இடம் இருக்கும். போன் விழுந்தால் குனியாதீர்கள், சனம் அடங்கட்டும். கோலுக்குப் பிறகு எல்லாம் பத்துப் பதினைந்து செக்கன்தான்.

பார்வை பற்றி. நீங்கள் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் படி செங்குத்து. மேல்பகுதி 37 டிகிரி சரிவு, முன்னால் நிற்பவர் உங்களைவிடத் தாழ்வான படியில்தான் நிற்பார். ஆனால் 12, 13 பிளாக்கின் நடுவில் என்றால் வேறு கதை. அது அல்ட்ராக்களின் இடம், அதாவது பாட்டும் கொடியுமாக நிற்கும் தீவிர ரசிகர் குழுக்கள். பெரிய கொடிகளை ஆட்டம் முழுக்க வீசுவார்கள். ஒருவர் சிறிய மேடையில் ஏறி மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெகாஃபோனில் பாட்டு எடுத்துக் கொடுப்பார். தொண்ணூறு நிமிடமும் ஸ்டேடியத்துக்குள் இருந்து ஆட்டத்தைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்! உங்கள் டெக்னீஷியனிடம் எந்த பிளாக் என்று கேளுங்கள். வயதைப் பார்த்தால் ஓரமாகத்தான் நிற்பார் என்று நினைக்கிறேன்.

இங்கே ஏன் இன்னமும் நிற்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1989-இல் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். வேலிக்கும் பின்னால் இருந்த சனத்துக்கும் நடுவே அகப்பட்டவர்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டின் பெரிய கிளப்புகள் எல்லாம் கதிரை போட வேண்டி வந்தது. ஜெர்மனியில் ரசிகர்கள் விடவில்லை. ஐரோப்பியப் போட்டி நாட்களில் மட்டும் பல வருடம் தெற்கு ஸ்டாண்டிலும் கதிரை மாட்டுவார்கள், 81,365 பேர் கொள்ளும் இடத்தில் அன்றைக்கு 66,000 சொச்சம்தான். 2022-இலிருந்துதான் அந்த ஆட்டங்களையும் நின்று பார்க்க விட்டார்கள். நிற்கும் டிக்கெட் நல்ல உட்காரும் டிக்கெட்டில் பாதிக்கும் வராது. அதனால்தான் அங்கே தாத்தா, மகன், பேத்தி என்று மூன்று தலைமுறை நிற்கும். சீசன் கார்டு 55,000 பேரிடம் இருக்கிறது. யாரும் கைவிடமாட்டார்கள். லேப்பில் உங்களை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று இப்போது விளங்கும்.

இன்னொரு விஷயம். நீங்கள் போகிற நாளில் சனம் திடீரென்று பேசாமல் நின்றால் பயப்படாதீர்கள். அது எதிர்ப்பு. 2023 டிசம்பரில் லீக்கை நடத்துகிற டிஎஃப்எல் வெளி முதலீட்டாளர்களைக் கொண்டுவரப் பார்த்தது. ஸ்டேடியங்களில் முதல் 12 நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு டென்னிஸ் பந்துகளைப் பை பையாக மைதானத்தில் எறிந்தார்கள், ஆட்டம் நின்று நின்று நடந்தது. 2024 பிப்ரவரியில் டிஎஃப்எல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கத்துவதை விட அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நிறம் பற்றிக் கேட்டீர்கள். 80-களில் போருசன்ஃப்ரொன்ட் என்று ஒரு நாஜிக் கூட்டம் அந்த ஸ்டாண்டில் ஆட்டம் போட்டது. 90-களில் நான் போனபோது அவர்களின் மிச்சம் மீதி இருந்தது, ஓரிரண்டு தடவை கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கூட்டம் அங்கே தலைதூக்கினால் பக்கத்தில் நிற்பவர்களே விடமாட்டார்கள். கிளப்பும் நிறைய மினக்கெடுகிறது, ரசிகர்களை ஆஷ்விட்ஸ் நினைவிடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முழுக்கத் துடைத்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த ஸ்டாண்டில்தான் வளர்ந்தார்கள்.


ராத்திரி_ஷிஃப்ட்:

அண்ணன் சொல்வது அவருக்கு உண்மை. எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

நான் நர்ஸ், இந்த ஊரில் ஆறு வருடம். தெற்கு ஸ்டாண்டுக்கு ஒரே ஒரு தடவை போனேன், அதுவே போதும். முதல் கோலுக்கு மூன்று கிளாஸ் பியர் என் தலையில். யாரும் வேண்டுமென்று ஊற்றவில்லை, கையில் இருந்ததை வானத்தில் எறிவது அங்கே வழக்கமாம். இரண்டாம் பாதியில் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வெளியே வர எட்டு நிமிடம், திரும்பி என் இடத்துக்குப் போகவே முடியவில்லை, மீதி ஆட்டத்தைப் படிக்கட்டு ஓரத்தில் ஒரு தூணைப் பார்த்தபடி கழித்தேன். மறுநாள் காலை வரை காதுக்குள் ரீங்காரம். காதில் வைக்கும் ஃபோம் அடைப்பான் மருந்துக் கடையில் கிடைக்கும், தயவுசெய்து வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், குழந்தைகள் எல்லாம் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்டாண்டுக்குள் நிறம் பற்றி எனக்கும் தொந்தரவு வரவில்லை. திரும்பும் வழியில் வந்தது. சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் பிளாட்ஃபாரத்தில் குடித்துவிட்டு நிற்கும் ஆண்கள், அவர்கள் எந்தக் கிளப் என்பதெல்லாம் முக்கியமில்லை. எங்கள் வார்டுக்கு சனிக்கிழமை ராத்திரி வருகிறவர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அடிதடி ஸ்டாண்டில் நடப்பதில்லை, ஸ்டேஷனில் நடக்கிறது, இரண்டு ஊர் ரசிகர்கள் ஒரே படிக்கட்டில் சந்திக்கும்போது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்த போலீஸும் குதிரைகளும் அதற்குத்தான்.

உண்மையிலேயே ஃபுட்பால் பார்க்கத்தான் ஆசை என்றால் பெரிய ஸ்டேடியத்தை ஒட்டியே ரோட்டே எர்டே என்ற பழைய மைதானம் இருக்கிறது. 1926-இல் கட்டியது. 1974 உலகக் கோப்பைக்காகப் பெரியதைக் கட்டும் வரை டோர்ட்முண்ட் அங்கேதான் ஆடியது. இப்போது அவர்களின் இரண்டாவது அணி ஆடும். உட்கார்ந்து, காலை நீட்டி, பயிற்சியாளர் திட்டுவது உட்படக் கேட்டுக்கொண்டே பார்க்கலாம்.


ஹோர்டே_அண்ணன்:

தங்கச்சி ராத்திரி ஷிஃப்ட், ஸ்டேஷன் விஷயம் முழுக்கச் சரி. நான்தான் அதை எழுதியிருக்க வேண்டும். முப்பது வருடமாகக் காரில் போகிறவனுக்கு அது மறந்துவிடுகிறது. பாத்ரூம் விஷயமும் சரி, ஆட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும்.

ஆனால் ரோட்டே எர்டேயை இதற்குப் பதிலாகச் சொல்லாதீர்கள். 2023 மே 27 அன்றைக்கு நான் தெற்கு ஸ்டாண்டில் நின்றேன். சீசனின் கடைசி ஆட்டம், மைன்ஸ் அணியை வென்றால் பதினொரு வருடத்துக்குப் பிறகு சாம்பியன். இருபத்து நாலாம் நிமிடத்துக்குள் 0-2 என்று பின்தங்கிவிட்டோம், நடுவில் ஒரு பெனால்டியும் போனது. கடைசியில் 2-2. அதே நேரம் கொலோனில், பட்டத்துக்கு எங்களோடு போட்டியிட்ட பயர்ன் மியூனிக் 89-ஆம் நிமிடம் கோல் போட்டு, கோல் வித்தியாசத்தில் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவர்கூட வெளியே போகவில்லை. பயிற்சியாளர் டெர்சிச் தெற்கு ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து நின்று அழுகிறார், தோற்றவர்களுக்காக இவ்வளவு சனம் பாடுகிறது. என் மூத்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது உட்காரும் இடத்தில் கிடைக்காது.


அஞ்சடி_ஒரு_இஞ்ச்:

போய்விட்டு வந்தேன்! எதிரணி யார், ஸ்கோர் என்ன என்று எழுதமாட்டேன், அதை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். அன்று மதியம் நான் லேப்பில் சாம்பிள் எடுத்திருக்க வேண்டும், புரொஃபசருக்கு இந்த ஊரில் தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள்.

நீல ஜாக்கெட்டைப் பற்றி நீங்கள் சொன்னதும் ரூம்மேட்டிடம் கேட்டேன். அவள் அப்பா கெல்சன்கிர்ஷன்காரராம், அதுதான் அந்தச் சிரிப்பு. தன் கறுப்பு ஜாக்கெட்டைக் கொடுத்தாள். "ஹெர்னே-வெஸ்ட் உடம்பிலிருந்து வந்தது என்று யாரிடமும் சொல்லாதே" என்றாள்.

யூ45 நெருக்கித் தள்ளியது, ஆனால் இந்தத் தடவை நடுங்கவில்லை. அலமாரி இழுத்த கதையை நினைத்துக்கொண்டேன் அண்ணா.

டெக்னீஷியனின் இடம் 13-க்கு ஓரம். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவரே ஒரு கம்பியைக் காட்டி, அதற்கு முன்னால் என்னை நிறுத்தி, "இங்கே" என்றார். அவர் மனைவி இருபத்திரண்டு வருடமாக நிற்கும் இடமாம், அவரும் என் உயரம்தானாம். சுற்றி நின்ற எல்லோரும் வந்து முதலில் மனைவியின் இடுப்பைப் பற்றித்தான் விசாரித்தார்கள். அப்புறம் என்னிடம் கை கொடுத்தார்கள். என் இடதுபக்கம் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், ஜாக்கெட் முழுக்க பேட்ஜ்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பாட்டு, லிவர்பூல் கிளப் ரசிகர்களும் பாடுவார்களே, 'யூ வில் நெவர் வாக் அலோன்', அது. எல்லோரும் ஸ்கார்ஃபை இரண்டு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க வேண்டும். என்னிடம் ஸ்கார்ஃப் இல்லை. பாட்டி தன்னுடையதின் ஒரு முனையை என் கையில் திணித்தார். நான் உயர்த்த, அவர் உயர்த்த, ஒரே ஸ்கார்ஃபின் கீழ் இரண்டு குள்ளப் பெண்கள். வார்த்தை தெரியாத இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன். அவரும் சில இடத்தில் அப்படித்தான் செய்தார் என்று நினைக்கிறேன், ஆங்கிலப் பாட்டு.

எங்கள் லேப் டெக்னீஷியனைப் பற்றி ஒரு வார்த்தை. இருபதாம் நிமிடத்தில் ஒரு ஃபவுலுக்கு அந்த மனிதர் ரெஃப்ரியைப் பார்த்துச் சொன்னவை என் ஜெர்மன் பி1 கோர்ஸில் வராத சொற்கள். பாட்டியிடம் அர்த்தம் கேட்டேன். "வேண்டாம்" என்றார்.

முதல் கோலை நான் பார்க்கவில்லை. ஒரு கொடி குறுக்கே வந்தது, கொடி விலகியபோது எல்லோரும் காற்றில் இருந்தார்கள். இரண்டு நொடி என் காலும் தரையில் இல்லை, சத்தியமாக. பின்னாலிருந்து அலை வந்தது, கம்பி 'ணங்' என்றது, என் முதுகை யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகு மழை. வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் எதிர்பாராதது. ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் நோர்பர்ட் டிக்கல், 1989 கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டு கோல் போட்டவராம், கோலடித்தவரின் முதல் பெயரை மட்டும் கூவுகிறார். கூட்டம் குடும்பப் பெயரைக் கூவ வேண்டும். எனக்கு அது தெரியாது, ஏதோ கத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ஸ்கோர் சொல்லும்போது எதிரணிக்கு எல்லோரும் சேர்ந்து "நுல்!", அதாவது பூஜ்யம். அவர்கள் உண்மையிலேயே ஒரு கோல் போட்ட பிறகும் "நுல்!"தான். இந்தக் கணக்கு முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அவர்கள் கோல் போட்டபோதுதான் ஒன்று தெரிந்தது. எதிர்ப்பக்க மூலையில் விருந்தினர் கூட்டம் ஒன்று இவ்வளவு நேரமும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கள் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இங்கே எல்லாம் அடங்கியதும் அந்தச் சின்ன மூலை மட்டும் தெளிவாகக் கேட்டது. பாவமாக இருக்க வேண்டியது நாங்கள்தான், எனக்கு என்னவோ அவர்கள்மேல் பாசம் வந்துவிட்டது. இதை டெக்னீஷியனிடம் சொல்லவில்லை.

காது அடைப்பானுக்கு ராத்திரி ஷிஃப்ட் அக்காவுக்குக் கோடி நன்றி. நீங்கள் சொன்ன மற்றதும் நடந்தது. நடந்து போகச் சொல்லியும் கால் வலித்ததால் மொல்லர்புருக்கேயில் ரயில் ஏறிவிட்டேன். தனியாக நின்ற ஒருவன், எந்த நிறமும் போடாதவன், என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். முழுக்கப் புரியவில்லை, 'வீட்டுக்குப் போ' வரை புரிந்தது. மஞ்சள் ஸ்கார்ஃப் போட்ட இரண்டு பெண்கள் ஒன்றும் பேசாமல் எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டு, தங்களுக்குள் ஆஃப்சைடு பற்றிச் சண்டை போட்டபடியே இருந்தார்கள், நான் இறங்கும் வரை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

திங்கள்கிழமை டெக்னீஷியன் நான்காவது வாக்கியம் பேசினார். மனைவிக்கு இன்னும் நான்கு வாரம் ஆகுமாம், நடுவில் இரண்டு ஹோம் ஆட்டம் இருக்கிறதாம்.

இப்போது என் அவசரக் கேள்வி. ரூம்மேட்டின் கறுப்பு ஜாக்கெட் இரண்டு நாளாகப் பியர் கடை மாதிரி நாறுகிறது. அவள் புதன்கிழமை திரும்பி வருகிறாள். உள்ளே வாத்து இறகு அடைத்த ஜாக்கெட். என்ன செய்வது?


ஹோர்டே_அண்ணன்:

ரயிலில் நடந்தது மனதைப் பிசைகிறது. அடுத்த ஆட்டத்துக்கு எங்களோடு காரில் வாருங்கள், மூத்தவளிடம் சொல்லி வைக்கிறேன், தனிச் செய்தி அனுப்புகிறேன்.

ஜாக்கெட்: வாஷிங் மெஷினில் 30 டிகிரி, மென்மையான சுற்று, சோப்பு கொஞ்சமாக. துணி மென்மையாக்கி போடவே கூடாது, இறகு ஒட்டிக்கொள்ளும். பிறகு டிரையரில் குறைந்த சூட்டில். கூடவே இரண்டு டென்னிஸ் பந்து போடுங்கள், அது அடித்து அடித்து இறகைப் பிரித்துவிடும். முழுக்கக் காய மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.


எஸ்1_பயணி:

டென்னிஸ் பந்து அண்ணனிடமே இருக்கும். 2024-இல் எறியாமல் மிஞ்சியது.


ஹோர்டே_அண்ணன்:

நான்கு இருக்கிறது. நாளைக்கு சாயந்தரம் யுனிவர்சிட்டி பக்கம் வருவேன், கொண்டு வருகிறேன்.